முட்டு கொடுக்காமல் நின்ற பாலம்

நம் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் இந்தப் பாலத்தின் படத்தைப் பார்த்தேன். இரண்டு செங்குத்துப் பாறை, நடுவில் அதல பாதாளம், மேலே வில் போல ஒரு இரும்புப் பாலம். வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா இருபது வருஷமாக சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, கீழ எங்கடா முட்டு குடுத்தான்?"

மூன்றாம் வருஷ சிவில் மாணவன் திருதிருவென்று முழித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

பாலத்தின் பெயர் நவஹோ பாலம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றின் மேல், மார்பிள் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆற்றிலிருந்து உயரம் 467 அடி. மொத்த நீளம் 834 அடி, அதில் வளைவு மட்டும் 616 அடி. 1929-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் சில மைல் மேலே லீஸ் ஃபெர்ரி என்ற துறையில் பரிசல் மாதிரி ஒரு பெரிய தெப்பத்தில்தான் ஆளும் வண்டியும் கடக்க வேண்டும். 1928 ஜூன் மாதம் அந்தத் தெப்பம் கவிழ்ந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். பாலம் அப்போது பாதியில் நின்றது.

இப்போது முட்டு விஷயத்துக்கு வருவோம். 467 அடிக்குச் சாரம் கட்ட முடியாது, கீழே ஓடுவதோ முரட்டு ஆறு. அதனால் இரண்டு கரையிலிருந்தும் பாதிப் பாதியாக, கான்டிலீவர் முறையில் நீட்டிக்கொண்டே வந்தார்கள். பால்கனி ஸ்லாப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சாயாமல் இருக்கப் பின்பக்கம் பாறையில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: "முட்டு கீழ இல்லப்பா, பின்னால இருக்கு." இரண்டு பாதியும் நடுவில் சேர்ந்து, பின்கட்டை விட்டதும் கதையே மாறிவிடும். அதுவரை இழுவிசையில் நின்றது, இனி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஹாஸ்டலில் செய்து பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே சாய்ந்து உள்ளங்கைகளைச் சேர்த்துத் தள்ளுங்கள். கை விலகாது, கால்தான் பின்னால் வழுக்கும். குதிகாலுக்குப் பின்னால் சுவர் இருந்தால் வழுக்காது. அந்தச் சுவர்தான் இங்கே பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை. ஹாரிஸான்டல் திரஸ்ட் என்று நாம் மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பிக்கிறோமே, அது இதுதான். (எனக்கு இது புரிந்தது பரீட்சை முடிந்த பிறகு!)

பாலைவன வெயிலுக்கு ஒரு சின்னக் கணக்கு: 616 அடி என்றால் 188 மீட்டர். வெப்பநிலை 40 டிகிரி மாறினால், தடுக்காமல் விட்ட இரும்பு சுமார் 9 செ.மீ. நீளும். இரண்டு காலும் பாறையில் அசையாமல் இருப்பதால் வளைவின் நடுப்பகுதி கொஞ்சம் ஏறி இறங்கும்.

அப்பாவின் அடுத்த கேள்வி: "சரி, அந்தப் பக்கத்துக்கு இரும்பு எப்படிப் போச்சு?" நல்ல கேள்வி. தெப்பம் போன பிறகு, ஏறத்தாழ 800 அடி தள்ளியிருக்கும் எதிர்க்கரைக்குச் சாமான் கொண்டுபோக 800 மைல் சுற்ற வேண்டியதாயிற்று!

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "எத்தனை பேர் விழுந்தாங்க?" வேலை நடக்கும்போது 1928-ல் ஒரு தொழிலாளி விழுந்து இறந்தார். கீழே வலை கட்டியிருக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய ரிவெட் விழுந்தால் வலை தீப்பிடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்த ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது எனக்குத் தெரியும். அங்கேயும் பெல்ட் இல்லை, வலை இல்லை. ரிவெட்டும் இல்லை.

பழைய பாலத்தின் சாலை 18 அடி அகலம்தான். லாரிகளின் எடையும் போக்குவரத்தும் கூடிக்கொண்டே போனதால் 1995-ல் பக்கத்திலேயே அதே சாயலில் 44 அடி அகலச் சாலையோடு புதிய பாலம் போட்டார்கள். பழையதை உடைக்கவில்லை, நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள். அங்கே போகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதில் நடக்கலாம். பாலத்தின் அடிச்சட்டங்களில் காண்டோர் என்ற ராட்சதக் கழுகுகள் உட்கார்ந்திருக்குமாம், சிறகில் நம்பர் அட்டையோடு. இறக்கை விரித்தால் 9 அடிக்கு மேல். கீழே ஆறு பச்சையாகத் தெரியும். கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம் என்று அர்த்தம். மேலே இருக்கும் கிளென் கேன்யன் அணை 1963 முதல் வண்டலைத் தடுத்துவிட்டதால் பேருக்கு மட்டும்தான் இங்கே சிவப்பு.

புத்தகத்தை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் வச்சிரு" என்றார் அப்பா. அபராதம் கட்டிவிட்டேன்.