கரையாத களிமண்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மண்ணால் ஆனவர். ஐம்பூதத் தலங்களில் இது மண்ணுக்குரியது. அதனால் லிங்கத் திருமேனியில் அபிஷேக நீர் படுவதில்லை, ஆவுடையாருக்குத்தான் அபிஷேகம். அம்பிகை மணலைப் பிடித்து வைத்து வழிபட்டபோது கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தது; லிங்கம் கரைந்துவிடக் கூடாதே என்று அவள் கட்டி அணைத்துக்கொண்டாள், அந்த அணைப்பில் இறைவன் குழைந்தார் என்கிறது தலபுராணம். தழுவக் குழைந்தார் என்றே அவருக்கு ஒரு பெயர்.

மண்ணைக் கையாள்கிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். சுடாத மண்ணைத் தண்ணீர் கரைத்துவிடும். களிமண் என்பது மிக நுண்ணிய தகடுகள். இடையில் இருக்கும் நீர்தான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வைக்கிறது. நீர் வற்றினால் தகடுகள் நெருங்கும், பொம்மை சுருங்கும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்ட பிறகுதான் அது தண்ணீருக்கு அஞ்சாத ஓடாகிறது. காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிறவர்கள் வானத்தைப் பார்த்தபடி வேலை செய்வது இதனால்தான். அச்சில் எடுத்த பொம்மை நன்றாகக் காய்ந்தால்தான் வண்ணம் ஏறும்.

பாலிமர் களிமண்ணில் நீரே இல்லை. மண்ணும் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்யப் பயன்படும் பி.வி.சி.யின் நுண்துகள்களை எண்ணெய் போன்ற ஒரு குழைவுத் திரவத்தில் கலந்து, நிறமியும் நிரப்புப் பொடியும் சேர்த்த பிசின் அது. நீர் இல்லாததால் மேசைமேல் ஒரு மாதம் கிடந்தாலும் காய்ந்து இறுகிவிடாது. அடுப்பில் 110 முதல் 135 டிகிரி வரை சூடு பட்டால் துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திண்மமாகிவிடும். சுருக்கம் மிகக் குறைவு. ஆறிய பிறகு தண்ணீரில் போட்டாலும் கரையாது.

இதன் கதையும் பொம்மையில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் துணிப் பொம்மைகளால் பேர் பெற்ற கேத்தே குரூசேயிடம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று இப்படியொரு பொருள் வந்து சேர்ந்தது. அவருக்கு அது சரிப்படவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட மகள் அதை எடுத்துப் பிசைந்து, வண்ணம் சேர்த்து மெருகேற்றினார். 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் 'ஃபிமோ' என்ற பெயரின் முதல் எழுத்துகளில் அந்த ஃபிஃபி இருக்கிறார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கலை எளிதில் பிடிபடும் என்று நான் நம்புவதற்குக் காரணம் பொம்மை அல்ல, தறி. கொலு பொம்மையில் நிறம் மேலே பூசப்படுகிறது; கீறினால் உள்ளே வெள்ளையோ மண்ணோ தெரியும். பட்டுச் சேலையில் நிறம் நூலிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலின் ஊடை கரைக்குள் போவதே இல்லை. மூன்று நாடா ஓட்டி, கரைக்கும் உடலுக்கும் நிறத்தைத் தனித்தனியே வைத்து எல்லையில் கோக்கிறார்கள். பாலிமர் களிமண்ணும் அப்படித்தான். சிவப்புக் கட்டி உள்ளுக்குள்ளும் சிவப்பு. ஆகவே தூரிகை எடுப்பதற்கு முன், நிறங்களை அடுக்கி வடிவம் உண்டாக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்கும்போது 'ஏர் டிரை கிளே' வாங்கிவிடாதீர்கள். அது நீர் கலந்தது, காற்றில் காய்வது, வேறு சாதி. சிவப்பு, வெள்ளை இரண்டு கட்டிகள் போதும். வீடு கட்டியபோது மிஞ்சிய வழவழப்பான டைல்ஸ் ஒன்று, உருட்ட ஒரு கண்ணாடி பாட்டில், மெல்லிய பிளேடு. சப்பாத்திக் கட்டையைத் தொட வேண்டாம். இதற்குப் பயன்படுத்திய எதையும் சமையலுக்குத் திருப்பி எடுத்துச் செல்லக் கூடாது.

முதலில் பிசையுங்கள். கட்டி உதிர்ந்து உதிர்ந்து வரும், விட்டுவிடத் தோன்றும். ஐந்து நிமிடத்தில் கைச்சூட்டுக்குக் குழைந்துவிடும். வெள்ளையை முதலில் பிசைய வேண்டும், சிவப்பை அடுத்து. தறி உள்ள வீட்டில் இன்னொரு கவனமும் தேவை: காற்றில் மிதக்கும் பட்டுப் பிசிறெல்லாம் வெள்ளைக் களிமண்ணில்தான் வந்து ஒட்டும். ஒவ்வொரு முறையும் கையை ஈரத்துணியால் துடையுங்கள். மே மாத வெயிலில் களிமண் கையிலேயே அளவுக்கு மீறி இளகிவிடும். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இனி பட்டுச் சேலையில் வரும் பாலும் பழமும் கட்டம். இரு நிறங்களையும் ஒரே தடிமனில் தகடாகத் தேய்த்து, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என நான்காக அடுக்குங்கள். அந்த அடுக்கைத் தகட்டின் தடிமன் அளவுக்கே பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் சேர்த்தால் சிவப்பின் அருகில் வெள்ளை வந்து அமரும். இப்படிச் சேர்ந்த கட்டை முழுவதும் இப்போது கட்டம் ஊடுருவி நிற்கிறது. எங்கே வெட்டினாலும் அதே முகம். நான்கு பக்கமும் சமமாக அழுத்தி நீட்டினால் கட்டை மெலியும், கட்டமும் கூடவே சிறுக்கும், ஒழுங்கு மட்டும் கலையாது. அகலமும் உயரமும் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். வெனிஸ் நகரக் கண்ணாடிக் கலைஞர்கள் பூக்கோலம் உள்ள மணிகள் செய்ததும் இதே வழியில்தான்: பெரிதாகக் கட்டி, சூட்டில் இழுத்து மெலிதாக்கி, குறுக்கே நறுக்கி.

நீட்டியதும் வெட்டாதீர்கள். கட்டை சூடாக இருக்கும், பிளேடு பட்டதும் கட்டங்கள் நசுங்கும். ஆறட்டும்.

சுடுவதில்தான் பலருக்குத் தவறுகிறது. மைக்ரோவேவ் அலையில் சுடக் கூடாது, ஓ.டி.ஜி. வேண்டும். அதன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு அடுப்பு வெப்பமானி வையுங்கள். உறையில் சொன்ன வெப்பத்தில், ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்கு அரை மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. குறைத்துச் சுட்டால் செய்த பொருள் பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் ஒடியும். சூடு எல்லை மீறினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சுட்ட பிறகும் இதில் சாப்பாட்டுத் தட்டு, தம்ளர் செய்யக் கூடாது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடிக்கவும் இது ஆகாது. அவர் கரைய வேண்டியவர், அவருக்கு ஏரி மண்தான்.

சுடாமல் மிஞ்சியதை எடுத்து வைக்கும் டப்பாவிலும் கவனம் வேண்டும். சில பிளாஸ்டிக்குகளைக் குழைவுத் திரவம் அரித்துப் பிசுபிசுக்க வைத்துவிடும். மெழுகுத்தாளில் சுற்றி வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

கட்டையின் இரு முனைகளிலும் கட்டம் கோணலாகத்தான் வரும். அவற்றை நறுக்கி, ஒன்றாகப் பிசைந்து உருண்டையாக்குங்கள். இரண்டும் கலந்து ஒரு ரோஸ் நிறம் வரும். அதன்மேல் நடுக்கட்டையின் மெல்லிய சீவல்களை ஒட்டி, உள்ளங்கையில் வைத்து இணைப்புகள் மறையும்வரை உருட்டுங்கள். ஊசியால் துளையிட்டுச் சுட்டால் முதல் மணி. அடுத்த கட்டையில் சதுரத்துக்குப் பதில் முக்கோணத்தை அடுக்கிப் பாருங்கள், சேலையின் கோபுரக் கரை வந்துவிடும்.