நிற்கிற மரத்துக்கு மானியம்

‘மானியம்’ என்றால் உரத்துக்கும் விதைக்கும் அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசு என்றுதான் என் மாணவர்கள் சொல்வார்கள். பழைய வழக்கில் அச்சொல் வரி நீக்கி வழங்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. அன்று நிலமே மானியம். இன்று நிலம் உள்ளவருக்கு மானியம். அப்படியானால் நிலம் உள்ளவர் யார்? கொஸ்டாரிக்காவின் காட்டுத் திட்டத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

மத்திய அமெரிக்காவிலுள்ள அந்த நாடு பரப்பில் இலங்கையை விடச் சிறியது. காட்டை வெட்டித் துப்புரவாக்குவதே காணியைப் பயன்படுத்துவதற்கான அத்தாட்சி என்று முன்பு அங்கே கருதப்பட்டது. மாடு வளர்க்க வங்கிகள் கடன் கொடுத்தன. மாட்டிறைச்சி ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனது. 1980களில், ஒருகாலத்தில் நாட்டின் பெரும்பகுதியை மூடியிருந்த காடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

1996இல் வந்த 7575ஆம் இலக்கக் காட்டுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, இயற்கைக் காட்டை அழித்து வேறு தேவைக்கு மாற்றுவதைத் தடுத்தது. மற்றது, காட்டை வைத்திருப்பவருக்குக் கொடுப்பனவு ஏற்படுத்தியது.

“சும்மா கிடக்கிற காட்டுக்கு ஏன் சல்லி?” என்று கேட்கலாம். காடு சும்மா கிடப்பதில்லை என்பதே சட்டத்தின் விடை. காற்றிலுள்ள காபனை அது பிடித்து வைக்கிறது, தண்ணீரைக் காக்கிறது, உயிரினங்களுக்கு இடம் கொடுக்கிறது, நாட்டுக்கு அழகு சேர்க்கிறது. இந்த நான்கு சேவைகளுக்கே கொடுப்பனவு. பணத்தில் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. அதாவது பெற்றோல் அடிப்பவர் காட்டுக்காரருக்குக் கொடுக்கிறார். தேசிய காட்டு நிதியம் காணிக்காரரோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்யும். காடு அப்படியே நிற்கிறதா என்று வனவியலாளர் பார்த்து உறுதிப்படுத்துவார். 2003 முதல், பயிர்களுக்கிடையே மரம் நடுகிற விவசாயிக்கும் மரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தொடக்கத்தில் பதிவான உறுதி இல்லாதவர் திட்டத்தில் சேர முடியவில்லை. தலைமுறையாகக் காணி செய்தாலும் உறுதி இல்லாத சிறு விவசாயி வெளியே நின்றார். படிவம், வரைபடம், வனவியலாளர் கூலி எல்லாம் பெரிய காணிக்காரருக்குச் சிறிய செலவு; சிறியவருக்கோ பெரிய சுமை. பின்னர்தான் விதிகள் தளர்ந்தன. ஆட்சி உரிமையைக் காட்டும் வேறு ஆவணங்களும் ஏற்கப்பட்டன. 50 ஹெக்டெயருக்குக் குறைந்த காணிகளுக்கும் பழங்குடியினரின் பிரதேசங்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது.

இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு. முழுப் புகழையும் இந்த மானியத்துக்குக் கொடுக்க முடியாது. இறைச்சி விலை விழுந்து மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டபோதே காடு திரும்பத் தொடங்கிவிட்டது. பணம் பெற்ற காணிகளில் பல, பணம் இல்லாவிட்டாலும் வெட்டப்பட்டிருக்காது என்றும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வெட்டாதே என்று சட்டம் மட்டும் போட்டிருந்தால், அந்தச் சுமை முழுவதும் காணிக்காரர் தலையிலேயே விழுந்திருக்கும். அதைப் பகிர்ந்துகொண்டது இந்த மானியம்.

நமது கிழக்கிலும் உறுதி இல்லாமல், பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு காணி செய்கிற குடும்பங்கள் ஏராளம். இப்படியொரு திட்டம் நாளை இங்கே வந்தால், ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கடதாசியைக் கேட்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.