சீல் மாத்தியும் ஆயில் ஒழுகுதா?

தை மாசம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏத்தின டிராக்டர்கள் வரிசையா வரும். போன தையில எங்க பெரியப்பா வண்டி மட்டும் ஷெட்ல ரெண்டு துண்டா கிடந்துச்சு. காரணம் ஒரு ரப்பர் வளையம்: ரியர் மெயின் ஆயில் சீல்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை எஞ்சினை விட்டு வெளியே வந்து பிளைவீலோடு சேரும் இடத்தில் இது இருக்கு. ஷாஃப்ட் சுத்தணும், ஆயில் வெளியே வரக் கூடாது. ரெண்டையும் பார்த்துக்கறது ஒரு மெல்லிய ரப்பர் உதடு. அதைச் சுத்தி இருக்கற சின்ன சுருள் ஸ்பிரிங் உதட்டை ஷாஃப்ட் மேல அழுத்திப் பிடிக்கும். உதடு தேஞ்சா ஆயில் கசிஞ்சு கிளட்ச் பிளேட்டை நனைக்கும். பாரம் ஏத்தினா கிளட்ச் வழுக்கும்.

சீல் விலை சில நூறு ரூபாய்தான். ஆனா அதைத் தொடணும்னா டிராக்டரை நடுவுல பிரிச்சு, கிளட்ச், பிளைவீல் எல்லாத்தையும் கழட்டணும். செலவு அங்கதான்.

பெரியப்பா வண்டியில புது சீல் போட்டு ஒரே மாசத்துல திரும்பவும் ஒழுகல். மறுபடி பிரிச்சப்ப, வேற ஒரு மெக்கானிக் ஷாஃப்ட் மேல நகத்தை வெச்சு இழுத்தார். நகம் மாட்டுச்சு. பழைய உதடு வருஷக்கணக்கா உரசி ஷாஃப்ட்டிலேயே ஒரு பள்ளம். புது உதடும் அதே பள்ளத்துலதான் உட்கார்ந்திருந்தது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, எரர் மெசேஜை மட்டும் அழிச்சோம். பக் அப்படியே இருந்தது. ஹவுசிங்கில் இடம் இருந்ததால, இந்த முறை சீலைக் கொஞ்சம் தள்ளி, பள்ளம் இல்லாத இடத்துல உதடு படற மாதிரி உட்கார வெச்சார். இடம் இல்லைன்னா, ஷாஃப்ட் மேல மெல்லிய உலோக ஸ்லீவ் போடலாம்.

அதனால வண்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, டாப்பெட் கவர்ல இருந்து வழியற ஆயிலும் பின்பக்கமா இறங்கி, சீல் போன மாதிரியே காட்டும். நல்லா துடைச்சு, ஓட்டிப் பார்த்து, எங்கிருந்து வருதுன்னு உறுதி பண்ணுங்க. ரெண்டு, பிரீதர் அடைச்சிருந்தா எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறும். நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

பிரிச்ச பிறகு நகச் சோதனை. ஷாஃப்ட் முனையில பிசிறு இருந்தா உதட்டைக் கிழிக்கும். மெல்லிய எமரி தாளால தேச்சுத் துடைச்சிடுங்க. ஸ்பிரிங் தெரியற பக்கம் எஞ்சினை, அதாவது ஆயிலைப் பார்த்து இருக்கணும். ரப்பர் உதடுன்னா கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவுங்க. டெஃப்லான் உதடுன்னா தடவாம, காய்ஞ்ச மாதிரியே போடணும். சுத்தியலால ஒரே பக்கம் தட்டாதீங்க. சீல் அளவுக்குத் தட்டையான வளையம் வெச்சு, எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. சாய்ஞ்சு உட்கார்ந்தா மறுபடி ஒழுகும்.

பெரியப்பா இப்பவும் காலையில வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டுத்தான் சாவி போடறார். தரை காய்ஞ்சு கிடக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.