சோலைக்காட்டு ஆர்க்கிட்

நீலகிரி, பழனி முதலிய மலைகளில், சுமார் 6,000 அடி உயரத்தில், மலைமடிப்புகளிலே அடர்ந்துள்ள குறுமரக் காடுகளைச் சோலை என்பர். அம்மரக்கிளைகளைப் பற்றி ஆர்க்கிட் செடிகள் பல வளர்தலை நாம் காணலாம். இவற்றைப் புல்லுருவியென மயங்குவாரும் உளர். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட்டோ மரத்தில் இடம் மட்டுமே கொள்வது. அதன் வேரைப் போர்த்துள்ள பஞ்சு போன்ற புறத்தோல் மழைநீரை விரைந்து ஏற்கும். பட்டையிற் படிந்த மட்கு உணவளிக்கும்.

அதன் விதை தூளினும் நுண்ணியது. தன்னுள் உணவு சேமித்து வைத்திலது. ஆதலின், தக்க பூஞ்சை துணைபுரிந்தாலன்றிக் காட்டில் முளையாது. மரம், மட்கு, மூடுபனி, பூஞ்சை ஆகிய நான்கும் கூடிய இடமே அதன் வீடு. மலரழகில் ஈடுபட்டுச் செடியைப் பெயர்த்துச் சமவெளிக்குக் கொணர்வோர் பெரும்பாலும் அது வாடுதலையே காண்பர்.

புல்வெளித் தரையில் வேரூன்றும் ஆர்க்கிட்டுகளும் உள. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று கொணரப்பெற்ற சீகை, தைல மரங்களும், தேயிலைத் தோட்டங்களும் சோலைகளையும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளையும் பெரிதும் கவர்ந்துகொண்டன. அங்ஙனம் நட்ட காடு பசுமையாய்த் தோன்றினும் சோலையாகாது. ஆகவே, ஆர்க்கிட்டைக் காக்க விழைவோர் முதற்கண் சோலையைக் காத்தல் வேண்டுமென்பதே நம் துணிபு.