வயசாயிட்டுல்லா, மூச்சு வாங்கத்தானே செய்யும்?

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் அறுபது தாண்டிய ஒருவர் நாலு எட்டு நடந்து மூச்சு வாங்க நின்றால், "வயசாயிட்டுல்லா" என்று பேச்சு முடிந்துவிடும். அந்த இளைப்புக்குப் பின்னால் நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம் இருக்கலாம். இது கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிரஷர் இல்லை. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் ஏறும் அழுத்தம். அங்கே சராசரி 20 மில்லிமீட்டரைத் தாண்டினாலே நோய் என்கிறது இன்றைய வரையறை. கைப் பிரஷர் ஒழுங்காக இருப்பவருக்கும் இது வரும். சுவர் மெலிந்த வலப்பக்க இதயம் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோகும்.

1980களில் அமெரிக்காவில் காரணம் தெரியாமல் வரும் வகையைப் பதிவு செய்தபோது நோயாளிகளின் சராசரி வயது 36. தனி மருந்து இல்லாத அந்தக் காலத்தில் பாதிப்பேர் மூன்று ஆண்டுக்குள் இறந்தார்கள். எல்லா வகைகளையும் சேர்த்து 2018இல் வெளியான கேரளப் பதிவேட்டில் 2,003 பேர். சராசரி வயது 56. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலகாரணம் இதயத்தின் இடப்பக்கக் கோளாறு. வயதைப் பற்றிய என் வாதமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. பல காலம் கட்டுப்படாத ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இடப்பக்க இதயத்தை விறைக்க வைக்க, ரத்தம் நுரையீரலில் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. பழைய காசநோய்த் தழும்பும், சீமைக்கருவேல விறகுப் புகையில் கெட்ட நுரையீரலும் வேறு வழியாக அதே இடத்துக்குக் கொண்டுவிடும். ஆக, முதியவருக்கு வருவது பெரும்பாலும் வேறொரு நோய். இளையோருக்கும் இப்படிப் பின்னணி நோய் உண்டு: மூட்டுவாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கி இருபது வயதுக்குள்ளேயே இந்த அழுத்தத்தை ஏற்றுவது நம் நாட்டில் பழைய கதை.

வயது தனியாகவும் கணக்கில் வருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ரிவீல் என்ற அமெரிக்க மதிப்பெண் முறை அறுபது தாண்டிய ஆண்களுக்கு ஆபத்துப் புள்ளியைக் கூட்டுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும் அப்படியே. ஆனால் புள்ளி ஆபத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. ஆறு நிமிட நடைச் சோதனையையே பாருங்கள். 30 மீட்டர் நடைபாதையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மூட்டு தேய்ந்தவர் பாதியில் நின்றால், அந்தக் குறைந்த தூரத்தில் முழங்காலின் பங்கு எவ்வளவு, இதயத்தின் பங்கு எவ்வளவு? மருந்திலும் இதே சிக்கல். குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் சிலருக்கு நல்ல துணை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதையும் சேர்த்து விழுங்கினால் பிரஷர் சட்டென்று சரிந்துவிடும். சர்க்கரை, உடல்பருமன், இதயநோய் சேர்ந்திருப்பவர்களுக்கு முதலில் ஒரே மருந்தோடு தொடங்கச் சொல்கின்றன 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள்.

"இந்த வயசுல குழாய் விட்டுப் பார்க்கணுமா?" என்ற தயக்கம் நியாயமானதே. எல்லோருக்கும் தேவையும் இல்லை. எக்கோ ஸ்கேன் தருவது அழுத்தத்தின் மதிப்பீடுதான். குழப்பமான நோயாளிக்கு, ரத்தநாளத்தின் வழியே வலப்பக்க இதயத்துக்குள் விடும் குழாய்தான் வழியைப் பிரிக்கும். அதில் இடப்பக்க அழுத்தம் 15ஐத் தாண்டினால் நீர் மாத்திரையும் பிரஷர் மருந்தும் முன்னால் வரும், குழாய் விரிக்கும் மருந்து பின்வாங்கும். பழைய ரத்தக்கட்டிதான் அடைத்திருக்கிறது என்று ஸ்கேன் காட்டினாலோ, அறுத்து எடுக்க வழியிருக்கிறது. வயது ஒன்றை மட்டும் சொல்லி அந்த அறுவை சிகிச்சையை மறுப்பதில்லை.