சன்னலைச் சாத்தும் முன்

கோடையில் வெயில் சதமடிக்கும் தமிழக ஊர்களின் பட்டியலில் திருத்தணி தவறாமல் இடம்பிடிக்கும். பகலில் அனலுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துகிறோம். பொழுது சாய்ந்தால் கொசுவுக்கு அஞ்சிச் சாத்துகிறோம். அடுப்புப் புகை, தாளிப்பு நெடி, கற்பூரம், சாம்பிராணி எல்லாம் வெளியேற வழியின்றி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

புகையில் ஆபத்தானவை நுண்துகள்கள். 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு வடிகட்ட முடியாமல் நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

கொசுவர்த்திச் சுருளை எடுத்துக்கொள்வோம். அதில் கொசு மருந்து சொற்பம். மீதி மரத்தூளும் கொட்டாங்குச்சித் தூளும் பசையும்தான். கொழுந்துவிடாமல் கனன்றுகொண்டே இருப்பதால் அரைகுறையாக எரிந்து புகையைக் கக்குகிறது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைத்தான் குழந்தை தூங்கும் கட்டிலடியில், கதவைச் சாத்தி, விடியவிடிய எரிக்கிறோம்.

புகையின் ஊற்றை அடைத்தால் பலன் உண்டா? விறகடுப்புக்குப் பதில் எரிவாயு கொடுத்து, இந்தியா (தமிழகக் கிராமங்கள்) உட்பட நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும் பங்கேற்றது. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு 24.

எனவே முதல் வேலை, புகையை உண்டாக்காமல் இருப்பது. சுருளுக்குப் பதில் சன்னலுக்குக் கம்பிவலை, கட்டிலுக்குக் கொசுவலை. அடுத்தது, உண்டானதை வெளியேற்றுவது. சூடான புகை மேலே எழும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரின் உச்சியில் இருக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகும் சிறிது நேரம் ஓடட்டும். வெயில் ஏறுமுன் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்கே பாய்ந்து அறையைக் கழுவிவிடும். புகையைப் போலவே தூசியிலும் கவனம் தேவை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுபவர்கள், பஞ்சுத் தூசியைப் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தறிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு தடுப்பும் தேவை.

காற்றுச் சுத்திகரிப்பான் கடைசியில்தான். அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் விறகுப் புகையின் கார்பன் மோனாக்சைடை அதனால் பிடிக்க முடியாது. சுத்திகரிப்பான் வாங்கப் பணம் சேர்க்கும் முன், படுக்கையறைச் சன்னலுக்கு ஒரு வலை அடித்துவிடுங்கள்.