முதலில் வலி தணியட்டும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், 2006க்கும் 2009க்கும் இடையே 151 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் நுரையீரல் புற்றுநோய், உடலின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட நிலை. நோய் தெரியவந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதே சிகிச்சையோடு, வலிதணிப்பு ஆதரவு சிகிச்சைக் குழுவினரை முதலிலிருந்தே மாதம் ஒருமுறையாவது சந்திக்கும் ஏற்பாடும் இருந்தது.

ஜெனிஃபர் டெமல் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2010இல் வெளியானபோது உலகம் கவனித்தது ஒரே ஒரு விஷயத்தை. ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை அளவில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். கடைசிக் காலத்தில் தீவிரச் சிகிச்சைகளுக்கு ஆளானவர்கள் முதல் பிரிவில் 33 சதவீதம், மற்றதில் 54 சதவீதம். குறைவான சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் நாள் இருந்தார்கள் என்பது பலரை வியக்க வைத்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் நீளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இருக்கும் நாட்கள் நல்லபடியாகக் கழிந்தன என்பதைப் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் குழுவினர் நோயாளியோடு உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதுதான். அதையும் குறித்து வைத்திருக்கிறார்கள். முதல் சந்திப்பு ஏறத்தாழ 55 நிமிடம் நடந்திருக்கிறது. அதில் 20 நிமிடம் வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்குப் போயிருக்கிறது. நோயாளியும் குடும்பமும் இதை எப்படித் தாங்குகிறார்கள் என்ற பேச்சுக்கு 15 நிமிடம். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புரியவைக்க 10 நிமிடம்தான்.

நம் ஊரில் இது அப்படியே தலைகீழ். கீமோவைத் தொடரலாமா, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாமா, ஐசியுவுக்கு மாற்றலாமா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதுவும் ஒரு கையெழுத்துக்காக, வராந்தாவில் நிற்கும் மகனிடமோ மருமகனிடமோ கேட்கப்படுகிறது. உள்ளே படுத்திருப்பவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை, வலி அடங்கவில்லை. அந்த நிலையில் அவரிடமே கேட்டாலும் வலிதான் பதில் சொல்லும். ‘என்னமும் செய்யுங்க’ என்பார், அல்லது ‘எதுவும் வேண்டாம், விட்டுடுங்க’ என்பார். இரண்டையும் அவருடைய முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பாஸ்டன் நோயாளிகளிலும் ஆய்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தம் நோய் முற்றிலும் குணமாகும் என்று நம்பினார். புற்றுநோயை அடியோடு நீக்குவதே சிகிச்சையின் நோக்கம் என்று மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் எண்ணியிருந்தார்கள். மறைத்துப் பேசும் வழக்கம் நம்மைவிடக் குறைந்த நாட்டில், படித்தவர்கள் நிறைந்த நகரத்தில் இப்படி. மருத்துவர் ஒருமுறை சொல்லிவிட்டால் மனம் ஏற்றுக்கொள்ளாது. மாதாமாதம் அதே ஆட்களோடு பேசப் பேசத்தான் புரிதல் ஊன்றியது. அப்படிப் புரிந்துகொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே கடைசிக் காலத்தில் நரம்பு வழியாகக் கீமோ ஏற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தங்களுக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார்.’ நம் நாட்டுப் புற்றுநோய் மருத்துவர்கள் ஓயாமல் கேட்கும் வாக்கியம் இது. பாசத்தில் பிறந்த வாக்கியம் என்பதால் அதைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா? முற்றிய புற்றுநோய் உள்ள 332 பேரையும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களையும் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. கடைசிக் காலம் பற்றி மருத்துவரோடு பேசியவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வரவில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டர், ஐசியு என்று அலைக்கழிக்கப்பட்டவர்கள் அவர்களில் குறைவு. அப்படி அலைக்கழிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர்தான் இழப்பிலிருந்து மீள முடியாமல் அதிகம் தவித்தார்கள்.

அனுபவமுள்ள ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் குடும்பத்தோடு வாதாடுவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று முதலில் மகனிடம் கேட்கிறார்கள். பிறகு நோயாளியிடம் போய், உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர் முன்பே ஊகித்திருப்பார்; பிள்ளைகள் கலங்குவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். ‘எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், பெரியவன்கிட்ட பேசிக்குங்க’ என்று ஒருவர் சொன்னால் அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். அதை அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்தது, எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி: எவ்வளவு நாள்? இதற்குப் பதில் சொல்வது மருத்துவர்களுக்கும் எளிதல்ல. சிகாகோவில் 343 மருத்துவர்கள், இறுதிக்காலப் பராமரிப்புக்கு வந்த 468 நோயாளிகளின் ஆயுளைக் கணித்தார்கள். சரியாக இருந்தவை 20 சதவீதம்தான். மொத்தத்தில் உண்மையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு பழக்கம் நீள நீளக் கணிப்பு இன்னும் பிசகியது. பரிவு கணக்கைக் கெடுத்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் ஒற்றை எண்ணைக் கேட்காமல், ஒரு விரிவைக் கேட்பது நல்லது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள். இந்த நிலையில் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 12 மாதம் என்றால், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 6 முதல் 24 மாதம் வரை இருப்பார்கள். பத்தில் ஒருவர் மூன்று ஆண்டைத் தாண்டலாம். பத்தில் ஒருவருக்கு மூன்று மாதமே கிடைக்கலாம். இப்படிச் சொல்லும்போது நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது, ஏற்பாடுகளுக்கும் இடம் இருக்கிறது. பேத்தி கல்யாணத்தை ஆவணியிலிருந்து வைகாசிக்கு முன்தள்ளலாமா என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேச முடியும்.

அதே ஆஸ்திரேலியாவில், மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் நோயாளிகள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்ட கேள்விகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆயின. சந்திப்பு ஏழு நிமிடம்போல நீண்டது. பதற்றம் கூடவில்லை. நாமும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். இந்த கீமோ நோயைக் குணப்படுத்தவா, கொஞ்ச காலம் தள்ளிப்போடவா? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா, ராத்திரியில் மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது?

சட்டமும் இப்போது ஓரளவு துணை நிற்கிறது. மீள வழியில்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகள் தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற அப்போதைய நிபந்தனை 2023 ஜனவரியில் நீங்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று உறவினரின் பெயரையும் அதில் குறிக்கலாம்.

ஆனால் இதெல்லாம் வலி தணிந்த பிறகு பேசக்கூடியவை. அங்கேதான் நம் நாடு இன்னும் தவறவிடுகிறது. சட்டப்படி அபினிக் கசகசா பயிரிடும் மிகச் சில நாடுகளில் ஒன்று இந்தியா. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், மார்ஃபின் வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளின் உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. பலர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். மார்ஃபினைக் கொடுத்துப் பழகாத மருத்துவர் தலைமுறையே உருவாகிவிட்டது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 2014 திருத்தம் அதை ஒரே உரிமமாகச் சுருக்கியது. அவரும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை முயற்சி கேரளத்தில் ஊர்தோறும் தன்னார்வலர்களைச் சேர்த்தது. 2008இல் அரசின் கொள்கையாகவும் ஆனது. செவிலியர் வீடு தேடி வருவது அங்கே பல பஞ்சாயத்துகளில் சாதாரணமாக நடக்கிறது. பக்கத்து மாநிலத்தில் முடிவது நம்மால் முடியாமல் போகாது.

மார்ஃபின் என்றதும் வீட்டில் எழும் அச்சங்களை மருத்துவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் மாத்திரை ஆயுளைக் குறைப்பதில்லை. அடிமையாக்கிவிடும் என்ற பயமும் இங்கே பெரும்பாலும் தேவையற்றது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் போகும் மருத்துவமனையில் மார்ஃபின் இல்லையென்றால், மாவட்டத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள். கீமோ பற்றிய முடிவு ஒரு வாரம் பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வலி ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது.